செவ்வாய்க்கிழமை நெஞ்சுவலி

எங்கள் அவசரப் பிரிவில் அவருக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் ‘செவ்வாய்க்கிழமை’. அறுபதைத் தாண்டிய விவசாயி. ஊருக்கு வெளியே தோட்டத்திலேயே வீடு. ஒவ்வொரு செவ்வாயும் காலை ஒன்பதரை சுமாருக்கு ஆம்புலன்ஸில் வந்து இறங்குவார். வெளுத்த சட்டை, கரை வைத்த வேட்டி, நெற்றியில் திருநீறு. ஸ்ட்ரெச்சரில் படுக்க மாட்டார். அதன் விளிம்பில் உட்கார்ந்தபடி வருவார்.

“நெஞ்சுல ஒரு மாதிரி அமுக்குதுங்க சாமி” என்பார். என்னைவிட இருபது வயது மூத்தவர். ஆனாலும் இந்தப் பக்கத்து வழக்கப்படி நான்தான் அவருக்குச் சாமி.

ஈசிஜி எடுப்போம். ஒன்றும் இருக்காது. டாக்டர் பார்த்துவிட்டு வாயுவாக இருக்கும் என்பார். ஊசி ஒன்று, மாத்திரை நாலு. அரைமணி நேரம் கட்டிலில் படுத்திருந்துவிட்டு எழுந்து போய்விடுவார். மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ, எங்கள் துப்புரவுப் பணியாளர் அக்கா மதியம் சிரித்துக்கொண்டே வந்து சொன்னார். “சிஸ்டர், உங்க நெஞ்சுவலிக்காரரு சந்தையில நிக்கறாரு. புது மம்பட்டிப் பிடி ஒண்ணத் தோள்ல சாத்திக்கிட்டு போண்டா தின்னுக்கிட்டிருக்காரு.”

செவ்வாய்க்கிழமை எங்கள் ஊரில் சந்தை.

நான் பிறந்தது சேலம் சூரமங்கலத்தில், ரயில்வே குடியிருப்பில். கல்யாணமாகி நாமக்கல் பக்கத்து ஊர் ஒன்றுக்கு வந்தேன். அங்கே அரசு மருத்துவமனையில் நர்ஸ் வேலை. கடைசி ஆறு வருடங்களாக அவசரப் பிரிவில்தான் இருக்கிறேன். ரத்தமும் அழுகையும் எனக்குச் சீக்கிரமே பழகிவிட்டன. பழகாதவை வேறு. ஓபியில் வரிசை நீளமாக இருக்கிறதென்று மூன்று வாரத்து இருமலோடு நேராக எங்களிடம் வருகிறவர்கள். “அசதியா இருக்குது, ஒரு பாட்டில் ஏத்தி உடுங்க” என்று தாங்களாகவே போய்க் கட்டிலில் படுத்துக்கொள்கிறவர்கள். வேலைக்குப் போகாத நாளுக்குச் சான்றிதழ் கேட்கிறவர்கள். காத்திருங்கள் என்று சொன்னால் யாரோ ஒரு பெரிய மனிதருக்குப் போன் போட்டு, அதை என் காதருகே நீட்டுகிறவர்கள். லாரி மோதியவனுக்குத் துணியை வெட்டிக்கொண்டிருக்கும்போது ஒருவர் என் தோளைத் தட்டி, சர்க்கரை பார்க்க எவ்வளவு நேரமாகும் என்று கேட்டிருக்கிறார்.

அதனால் சந்தைக்கு ஆம்புலன்ஸில் வரும் மனிதரைப் பற்றிக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த ஐப்பசியில் ஒரு செவ்வாய். வழக்கம்போல் அவர் வந்து உட்கார்ந்தார். நான் ஈசிஜி எடுத்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. இரண்டு ஆண்களுக்கு நடுவில் ஒரு பெண். தலை ஒருபுறமாகச் சரிந்திருந்தது. குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளிக் காட்டில் வேலை செய்துகொண்டிருந்தவரை விரியன் பாம்பு கடித்திருக்கிறது. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்திருக்கிறார்கள். பக்கத்து வண்டி வேறொரு கேஸை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறது, அடுத்தது தூரத்திலிருந்து வர வேண்டும் என்று பதில் வந்திருக்கிறது. காத்திருந்து பார்த்துவிட்டு, பொறுக்க முடியாமல் பைக்கில் தூக்கி வைத்துக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

அந்த வேறொரு கேஸ், சட்டைப் பொத்தான்களைக் கழற்றிக்கொண்டு என் முன்னால் படுத்திருந்தது.

பாம்புக்கடிக்கு நாங்கள் முதலில் செய்வது, கொஞ்சம் ரத்தத்தை எடுத்துக் கண்ணாடிக் குழாயில் விட்டு இருபது நிமிடம் அசைக்காமல் வைப்பது. பிறகு சாய்த்துப் பார்ப்போம். ரத்தம் உறைந்திருந்தால் மூச்சு விடலாம். அன்று சாய்த்தபோது தண்ணீர் மாதிரி ஓடியது. விஷமுறிவு மருந்து ஏற்றினோம். அந்தப் பெண்ணின் ஈறிலிருந்து ரத்தம் கசிய ஆரம்பித்தது. சேலத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார் டாக்டர். எங்களுடைய டாக்டர் சின்ன வயதுப் பெண், எதற்கும் பதறாதவர். அன்று அவரே சேலத்துக்கான சீட்டை இரண்டு தடவை கிழித்துப்போட்டு எழுதினார்.

அந்தப் பெண்ணை வண்டியில் ஏற்றிவிட்டுத் திரும்பினால், அந்த விவசாயி கட்டிலைவிட்டு எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். கையில் மடித்த மஞ்சள் பை.

“எங்க கிளம்பிட்டீங்க? சந்தைக்கா?” என்றேன்.

“ஆமாங்க… இப்பப் பரவால்லீங்க” என்றார்.

அதற்குப் பிறகு நான் பேசியது முழுவதும் எனக்கு நினைவிருக்கிறது. மறந்திருந்தால் நன்றாக இருக்கும். “இது என்ன ஆஸ்பத்திரியா, டவுன் பஸ்ஸா? உங்களுக்குச் சந்தைக்குப் போக ஆம்புலன்ஸ் கேக்குதா? அந்தப் பொண்ணு செத்துப்போயிருந்தா யாரு பதில் சொல்றது? நீங்க சொல்வீங்களா? அடுத்த வாரம் இந்தப் பக்கம் வந்தீங்கன்னா போலீஸைக் கூப்பிடுவேன்.” வார்டே திரும்பிப் பார்த்தது. கட்டு மாற்ற வந்தவர்கள், துணைக்கு வந்தவர்கள், எல்லோரும்.

அவர் பதிலுக்குக் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. பொத்தான்களை மாற்றி மாற்றிப் போட்டுவிட்டார். சட்டை ஒருபக்கம் ஏறி நின்றது. “தப்புங்க சாமி” என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார்.

அடுத்த செவ்வாய் அவர் வரவில்லை. அதற்கடுத்த செவ்வாயும் வரவில்லை. “அக்கா போட்ட போடு” என்று கூட வேலை செய்யும் நர்ஸ் பாராட்டினாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பாம்பு கடித்த பெண் பிழைத்துக்கொண்டார், கால் சரியாகப் பல வாரங்கள் ஆகும் என்று சேலத்திலிருந்து தகவல் வந்தது. ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்த அந்த இருபது முப்பது நிமிடத்தால் எவ்வளவு கெட்டது என்று டாக்டரிடம் கேட்டேன். “சொல்ல முடியாது சிஸ்டர். முன்னாடியே வந்திருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கலாம்” என்றார். அந்தப் பதிலை நான் விரும்பவில்லை. என் கோபத்துக்கு ஒரு கணக்கு தேவைப்பட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து, உறவினர் வீட்டில் குழந்தைக்கு ஞானஸ்நான விருந்து. பிரியாணி சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்த என் கணவர் நாற்காலியில் உட்கார்ந்தவர், கையால் மார்பைத் தேய்த்துக்கொண்டார். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்கு உதிரிபாகம் விற்கும் கடையில் வேலை அவருக்கு. இரும்பைத் தூக்கிப் பழகிய உடம்பு. உடம்புக்கு முடியவில்லை என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை.

“என்னமோ அடைக்கிற மாதிரி இருக்குது” என்றார்.

எனக்குத் தெரிந்த நர்ஸ் படிப்பெல்லாம் அந்த ஒரு வார்த்தையில் காணாமல் போனது. எப்போது ஆரம்பித்தது, எங்கே பரவுகிறது, எதையும் கேட்கவில்லை. ஆட்டோவில் ஏற்றி எங்கள் மருத்துவமனைக்கே கொண்டுபோனேன். ஊழியர்கள் வரும் பின்வாசல் வழியாக நுழைந்தேன். ஈசிஜி அறை வாசலில் மூன்று பேர் சீட்டோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் இருந்தவர் கூலி வேலைக்காரர் போலிருந்தது. காலில் மண் காயவில்லை. அவரைக் கடந்து கணவரை உள்ளே கொண்டுபோய்ப் படுக்க வைத்தேன். என் கைப்பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றபோது, அந்த மனிதர் சற்று நகர்ந்து பெஞ்சில் அதற்கு இடம் விட்டார்.

ஈசிஜியில் ஒன்றும் இல்லை. காகிதத்தைக் கிழித்துக்கொண்டிருக்கும்போதே கணவர் பெரிதாக ஒரு ஏப்பம் விட்டார். “இப்ப லேசா இருக்குது” என்றார். அன்று என்னைப் பாராட்டிய அதே நர்ஸ்தான் பணியில் இருந்தாள்; வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “அக்கா, நம்ம செவ்வாய்க்கிழமைக் கேஸ் மாதிரியே இருக்குது.”

நானும் சிரித்தேன். வெளியே வந்து கைப்பையை எடுக்கும்போது அந்த மனிதரின் முகத்தைப் பார்க்கவில்லை.

அதிலிருந்து நாலைந்து நாள் இருக்கும். காலை நேரம். ஓபி சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு பெண்மணி எங்கள் வாசலில் வந்து நின்றார். நூல் சேலை, காதில் கல்தோடு, முழங்காலில் ஒரு கை.

“ஏனுங்க, கண்ணாடி போட்ட நர்சம்மா நீங்கதானுங்களா?”

“ஆமாம்மா, என்ன வேணும்?”

“எங்கூட்டுக்காரரு செவ்வாக்கெழம செவ்வாக்கெழம இங்க வருவாருங்க. இப்ப வாரதில்லீங்க.” சீட்டை மடித்துக்கொண்டார். “நேத்து அவருக்கு வேர்த்து ஊத்துச்சுங்க. சட்டயெல்லாம் நனஞ்சு போச்சு. நூத்தெட்டுக்குப் போன் போடறேன்னேன். வேண்டாங்கறாரு. அந்த அம்மிணி வையும், நா வரமாட்டேன்னு ஒரே புடியா நிக்கறாரு. அதான் நா காலுக்குக் காட்டற சாக்குல வந்தேனுங்க. நீங்க ஒரு வார்த்த சொன்னீங்கன்னா வருவாருங்க.”

நெஞ்சில் அமுக்குவது வேறு. வியர்த்து நனைவது வேறு. அது மாரடைப்பாகவே இருக்கலாம். “உடனே போன் போடுங்கம்மா. ஆம்புலன்ஸ்லயே வரச் சொல்லுங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க” என்றேன். அந்த வாயால்தான் போலீஸைக் கூப்பிடுவேன் என்றும் சொல்லியிருந்தேன்.

அவர் ஆம்புலன்ஸில் வரவில்லை. பஸ்ஸில் வந்து, நிறுத்தத்திலிருந்து வெயிலில் நடந்து வந்தார். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வரலாமா என்று கேட்பதுபோல என்னைப் பார்த்தார். நான் போய்க் கையைப் பிடித்துக் கட்டிலுக்குக் கூட்டி வந்தேன். கை சில்லென்று இருந்தது.

ஈசிஜி எடுத்தோம். ரத்தப் பரிசோதனையும் செய்தோம். இதயத்தில் கோளாறு இல்லை. ஆனால் பிரஷர் அதிகமாக இருந்தது. டாக்டர், “இதுக்கு முன்னாடி எவ்வளவு இருந்துச்சு சிஸ்டர்?” என்று கேட்டார். பழைய பதிவேட்டைப் புரட்டினேன். ஏழு செவ்வாய்க்கிழமைகள். ஏழிலும் பிரஷர் அதிகம். ஐந்து இடத்தில் எழுதியிருந்தது என் கையெழுத்து. பயத்தில் ஏறியிருக்கும், கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும் என்று ஒவ்வொரு வாரமும் நானே எனக்குச் சொல்லியிருக்கிறேன். ஒரு தடவைகூட இரண்டாவது முறை பார்க்கவில்லை. நோயாளியாக அவரை நான் பார்த்திருந்தால் அல்லவா பார்ப்பதற்கு?

பரிசோதனை முடிவுக்காகக் காத்திருந்தபோது அவர் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். “ஏன் அய்யா செவ்வாய்க்கிழமை மட்டும் வலிக்குது?” என்று கேட்டேன். குத்தலாக இல்லாமல் அந்தக் கேள்வியை நான் கேட்டது அதுதான் முதல் முறை.

அவர் தன் மனைவியைப் பார்த்தார். மனைவி தரையைப் பார்த்தார்.

“எங்கண்ணனும் நானும் செவ்வாக்கெழமன்னா ஒண்ணா சந்தைக்குக் கெளம்புவோமுங்க” என்று ஆரம்பித்தார். “போன ஆவணியில ஒரு நா, சட்டயப் போட்டுக்கிட்டு வெளிய வந்தவரு, நெஞ்செரியுதுறான்னாரு. நாந்தானுங்க கடைக்கு ஓடி சோடா வாங்கியாந்தேன். பாதி குடிச்சாரு. ஏப்பம் உட்டாரு. சரியாப் போச்சு, நீ வண்டிய எடுன்னாரு. நா வண்டிய எடுத்துக்கிட்டு வாரதுக்குள்ள…”

வேட்டி நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

“அதுலருந்து செவ்வாக்கெழம சட்டய மாட்டுனாவே அமுக்குதுங்க சாமி. வாயுதான், எனக்கே தெரியுது. ஆனா அன்னிக்கும் வாயுன்னுதான நெனச்சேன்? இங்க வந்து நீங்க ஒண்ணுமில்லேன்னு சொல்லிப்போட்டீங்கன்னா உசுரு திரும்பி வந்த மாதிரி இருக்கும். அப்பறம் பசிக்கும். போண்டா தின்னுபோட்டு சந்தைக்குப் போவேனுங்க.”

அவர் மனைவி அப்போதுதான் நிமிர்ந்தார். “எங்கிட்டக் கூட இத்தன நாளா இதச் சொல்லலீங்க” என்றார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். நேராகக் கேட்க வரவில்லை. “அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதுங்கய்யா” என்றேன். “அந்தப் புள்ள பொழச்சுதுங்களா?” என்று கேட்டார் அவர். பிழைத்துவிட்டார் என்றதும் கண்ணை மூடிக்கொண்டார். அந்த நாளுக்குப் பிறகு அதைத் தெரிந்துகொள்ள அவர் யாரையும் கேட்கத் துணியவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

டாக்டர் பிரஷர் மாத்திரை எழுதினார். மனநலப் பிரிவு டாக்டரையும் ஒருமுறை பார்க்கச் சொன்னார். அதற்கு மட்டும் அவர் வர மறுத்ததால், மனைவி கட்டாயப்படுத்தி இரண்டு முறை கூட்டி வந்தார். எந்த அறிகுறிக்கு ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும், எதற்குப் பஸ்ஸில் வரலாம் என்று ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். மாதம் ஒருமுறை மாத்திரை வாங்க வருகிறார். அதன் பிறகும் ஒரு செவ்வாய்க்கிழமை ஆம்புலன்ஸில்தான் வந்தார். நான் திட்டாமல் ஈசிஜி எடுத்தேன். உள்ளுக்குள் எரிச்சல் வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த நேரத்தில் வேறு எங்கோ யாரையாவது பாம்பு கடித்திருக்கலாம். அந்தப் பயம் பொய்யில்லை. இவர் பயமும் பொய்யில்லை. இரண்டுக்கும் ஒரே ஒரு வண்டிதான் இருக்கிறது. இதை யாரைத் திட்டித் தீர்ப்பதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

போன வாரம் ஒரு வாலிபர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். தாங்க முடியாத வலி என்றார். உயிருக்கு ஆபத்தானவர்களுக்கென்று ஒதுக்கிய சிவப்புக் கட்டிலில் படுக்க வைத்து, பிரஷரை இரண்டு தடவை பார்த்து, எங்கே வலிக்கிறது, எப்போதிருந்து, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று பொறுமையாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுக் கடைசியில், “சிஸ்டர், நேத்து தேதி போட்டு ஒரு சர்டிபிகேட் கிடைக்குமா?” என்றார்.

திட்டினேன். நன்றாகத் திட்டினேன். ஆனால் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டு முடித்த பிறகு.