ராஜாவுக்கு ஒரு சொம்பு தண்ணீர்

பள்ளி ஆண்டுவிழாவுக்காகப் பேத்தியின் முகத்தில் தேங்காய் எண்ணெயில் குழைத்த செஞ்சாயத்தைப் பூசியிருந்தார்கள். அந்த வாசனையில், இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பாகிவிட்ட வேங்கிக்கால் கூத்துக்களம் வெயிலும் புழுதியுமாக என் முன்னால் வந்து நின்றது.

வருஷா வருஷம் தீமிதி நாள் காலைப் பாரதக் கூத்தில் சாகிற ராஜா என் அப்பாதான். பெண்கள் அவரைத் துடைப்பத்தால் அடிப்பார்கள், விழுந்ததும் அதே பெண்கள் மாரடித்து அழுவார்கள், அழுது முடிந்ததும் முந்தானையை உதறிக்கொண்டு கலைந்துபோவார்கள். அப்பா மட்டும் கிரீடமும் தோள்கட்டைகளும் அழுத்த, வேஷம் கலைக்க ஆள் வரும்வரை புளியமரத்தடியில் தனியாக உட்கார்ந்திருப்பார். செத்த ராஜா எழுந்துபோகக் கூடாது என்பது முறை.

"ராஜாவுக்கு ஒரு சொம்பு தண்ணி கெடையாதாம்மா?" என்று ஒருமுறை என்னைப் பார்த்துக் கேட்டார். வசனம் என்று நினைத்து, கலைந்துபோய்க்கொண்டிருந்த சிலர் சிரித்தார்கள். நான் சொம்பை எடுத்தேன்.

"வெச்சிடுடி. செத்தவருக்குத் தண்ணி குடுத்தா ஊட்டுக்கு ஆவாது. வேஷம் கலையட்டும்" என்றாள் அம்மா, அவர் பக்கம் திரும்பாமல்.

அரசு அலுவலகத்தில் ஆயுள் முழுக்க விதிகளோடு குடித்தனம் நடத்திய எனக்கு, அந்த முறையில் ஓட்டை எதுவும் தென்படவில்லை. பல வருஷம் கழித்து அப்பா நிஜமாகவே சாகக் கிடந்தபோது, இன்னொரு முறைப்படி, தெருவே வரிசையில் நின்று அவர் வாயில் பால் ஊற்றியது. என் முறை வந்தபோது அவரால் விழுங்க முடியவில்லை. கடைவாயில் வழிந்ததைத் துடைத்துவிட்டு, அடுத்தவருக்கு இடம் விட்டேன்.