சீடர் மரத்துச் சுருட்டுப் பெட்டி

அப்பா துறைமுகத்தில் கிளார்க். ஒருநாள் கப்பல்காரர் ஒருவர் கொடுத்த வெறும் சுருட்டுப் பெட்டியைக் கொட்டாஞ்சேனை வீட்டுக்குக் கொண்டுவந்தார். கப்பல்காரர் சொன்ன இங்கிலீசுப் பேரில், "சீடர் மரமாம்" என்றார். எனக்கு இயேசுவின் பன்னிரண்டு சீடர்கள்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள். அம்மாவுக்கோ அது கேதுரு என்று உடனே விளங்கிவிட்டது. பூசையில் வேதாகமத்திலிருந்து வாசிப்பார்களே, அந்தக் காலத்து ராசாக்கள் ஆலயம் கட்டிய மரம். கோயிலில் சாம்பிராணி போட்டுவைக்க அதைத் திருநாளன்று கொடுப்பதாகப் பங்குச் சுவாமியிடம் சொன்னார். பிறகு எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

எனக்குச் சும்மா இருக்க முடியாது. மூடியைத் திறந்து திறந்து மணந்து பார்த்தேன். மிளகும் தேனும் கலந்த மாதிரி ஒரு வாசம். நுனிநாக்கால் தொட்டுப் பார்த்தால் கசந்தது. இவ்வளவு வாசமான மரம் ஏன் கசக்க வேண்டும்? அந்தக் கேள்வி என்னை நூலகம்வரை இழுத்துக்கொண்டு போனது.

தடித்த மரப் புத்தகம் ஒன்றில் விடை இருந்தது. சுருட்டுப் பெட்டி மரம் அமெரிக்காவின் வெப்பக் காடுகளில் வளர்வது. பூச்சி அண்டாததால் அதில் உடுப்புப் பெட்டியும் செய்வார்களாம். அங்கே போன ஸ்பானியர்கள் வாசத்தை நம்பிக் கேதுருவின் பேரை அதற்கு வைத்துவிட்டார்கள். பிறப்பால் அது வேப்பமரத்தின் சொந்தம்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். சாப்பாட்டு மேசையில் கொட்டிவிட்டேன். அம்மாவின் முகம் கறுத்துப்போனது. ஊருக்கெல்லாம் சொல்லியாயிற்றே. அதைவிட, அப்பா சோறு பிசைவதை நிறுத்தியதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவர் யாழ்ப்பாணத்துச் சைவர். அம்மாவைக் கட்டுவதற்காக ஞானஸ்நானம் எடுத்துப் பேர் மாற்றியவர். அம்மாவின் ஆட்களுக்கு அவர் அன்றும் 'வேதத்துக்கு வந்தவர்'தான்.

"அப்ப உது உண்மையான கேதுரு இல்லை" என்றார் அப்பா. "கோயிலுக்குக் குடுக்கேலாது, என்ன?"

அம்மா அவருடைய சோற்றில் இன்னொரு கரண்டி குழம்பு விட்டார்.

"ஏன் குடுக்கேலாது? பேர் மாத்தி வந்தா என்ன? வந்த நாள்தொட்டு வீடு மணக்குதுதானே" என்றார், பெட்டியைப் பாராமல் அப்பாவைப் பார்த்துக்கொண்டு. "நீங்களே கொண்டுபோய்க் குடுங்கோ."

திருநாளன்று அப்பா பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பீடம்வரை போனார். எனக்கு அழுகை வந்தது. எப்போதும் கடைசி வாங்குப் பலகையில் ஒதுங்கி இருக்கிறவர், அன்று திரும்பி வந்து அம்மாவின் ஆட்களோடு முன் வாங்கில் இருந்தார்.