அத்தை கையெழுத்துப் போடாத பக்கம்

வக்கீல் ஆபீஸில் வேலை பார்க்கிற எல்லோருக்கும் பென்சிலால் போடும் அந்தச் சின்னப் பெருக்கல் குறி தெரியும். கட்சிக்காரர் எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ, அங்கே அதை முன்கூட்டியே போட்டு வைத்துவிடுவோம். வந்து உட்கார்ந்தவரிடம் தாள்களைப் புரட்டி, "இங்கே, இங்கே, அப்புறம் இங்கே" என்று விரலால் காட்டினால் போதும். பேனா தானாக ஓடும். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் படிப்பதில்லை. குறி இருக்கிற இடத்துக்குக் கை போய்விடுகிறது. எல்லாம் முடிந்ததும் ரப்பரால் அழித்துவிடுவோம். அந்தக் குறியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அத்தையின் கைதான் ஞாபகத்துக்கு வருகிறது. மூடி கழற்றிய பேனாவோடு, தாளுக்கு மேலே அப்படியே நின்றுவிட்ட கை.

அத்தை, என் அப்பாவின் தங்கை. இந்த வங்காள ஊரில் லேக் கார்டன்ஸ் பேட்டையில் ஒரு பழைய வீட்டின் நடு மாடியில் வாடகைக்கு இருந்தாள். குழந்தைகள் இல்லை. புடவைகளுக்கு ஃபால்ஸ் தைத்துக் கொடுப்பாள். அந்தத் தெருவில் வங்காளிப் பெண்கள், நம்மவர்கள் என்று எல்லோருடைய புடவையும் அவள் கைக்கு வந்துதான் போகும். குடித்தனம் மாமாவின் பேரில் இருந்தது. அந்த மாமாதான் ஒரு நாள் ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போகிறேன் என்று சாந்த்ராகாச்சி ஸ்டேஷனில் ரயில் ஏறினார். அப்பாவுக்கு அப்போது அங்கே ரயில்வே யார்டில்தான் வேலை. அவரே பெட்டிக்குள் ஏறி, மாமாவை உட்கார வைத்து, தண்ணீர் பாட்டிலும் வாங்கிக் கொடுத்துவிட்டு இறங்கினார். மாமா ஊர் போய்ச் சேரவில்லை. போலீஸில் எழுதிக் கொடுத்தார்கள். வழியிலிருந்த ஸ்டேஷன்களில் எல்லாம் அப்பா தன் ரயில்வே சிநேகிதர்களை விட்டுத் தேடினார். ஒரு துப்பும் கிடைக்கவில்லை. அழுது தீர்ந்த பிறகு வீட்டில் யாரும் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. அத்தை மட்டும் குங்குமமும் தாலியுமாக, மாமாவின் சட்டைகளை மாதா மாதம் துவைத்து மடித்து வைத்துக்கொண்டு இருந்தாள். துர்க்கா பூஜை முடிகிற தசமி அன்று கீழ் வீட்டு பௌதி, நம் வழக்கில் அண்ணி, வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவாள். பந்தலில் சுமங்கலிகள் ஒருவர் முகத்தில் ஒருவர் குங்குமம் பூசி விளையாடுவார்களே, அதில் அத்தையைப்போல் கும்மாளம் போட்டவர் அந்தப் பேட்டையில் கிடையாது.

மாமா போய் மூன்று வருஷம் ஆகியிருந்தபோது நான் ஒரு பெண் வக்கீலின் ஆபீஸில் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருந்தேன். ஃபோன் எடுப்பது, டைப் அடிப்பது, டீ சொல்வது. எல்லோரும் மேடம் என்று அழைத்த அந்த வக்கீல் ஒரு நாள் திடுதிப்பென்று, "நீ பாராலீகல் வேலைக்கு வந்துவிடேன்" என்றார். அப்படியென்றால் வக்கீல் இல்லை, வக்கீலுக்கு வலது கை: கட்சிக்காரரிடம் கதை கேட்டுக் குறித்துக்கொள்வது, காகிதங்களைத் திரட்டுவது, மனு தயார் செய்வது, கோர்ட்டில் பின்னாலேயே அலைவது. அதற்கொரு டிப்ளமா இருக்கிறது, வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம், பூஜைக்குள் யோசித்துச் சொல் என்று விண்ணப்பத்தையும் கையில் கொடுத்துவிட்டார். அது என் கைப்பையிலேயே கிடந்து ஓரமெல்லாம் மடங்கிப்போயிற்று. "கோர்ட்டு கச்சேரின்னு அலையற பொழப்பெல்லாம் நமக்கு எதுக்கும்மா? பேசாம பேங்க் பரீட்சை எழுது" என்று அப்பா ஒரு பக்கம். "சட்டம்னு இறங்கினா எல்எல்பியே படிக்கணும், இது என்ன ரெண்டுங்கெட்டான்?" என்று சிநேகிதி ஒரு பக்கம். எனக்கு யார் சொன்னாலும் எரிச்சல்தான் வந்தது. யாரும் சொல்லாவிட்டாலும் வந்தது.

அந்தச் சமயம் பார்த்து அத்தையின் வீட்டு ஓனர் கட்டடத்தை, இடித்து ஃப்ளாட் கட்டுகிற ஒரு புரமோட்டருக்கு விற்றுவிட்டார். மேல் மாடிக்காரர்கள் காலி செய்துகொண்டு போனார்கள். மறுநாளே ஆட்கள் வந்து மேலே சுவரை இடிக்க ஆரம்பித்தார்கள். அத்தையின் கூரையிலிருந்து சுண்ணாம்பு தையல் மெஷின்மேல் உதிர்ந்தது. "பூஜை கழியறதுக்குள்ள நீங்களும் கிளம்பிடுங்க மாஷிமா" என்று சித்தி முறை வைத்து மரியாதையாகவே சொல்லிவிட்டுப் போனார்களாம். இந்த ஊரில் இருக்கிறவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும். பூஜைக்குக் கோர்ட்டு மூடினால் திறக்க நாளாகும். ஊர் பூராவும் பந்தல் பந்தலாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போது உள்ளே புகுந்து இடித்துவிட்டால் யாரைப் போய்க் கேட்பது? இடிந்ததை எந்த ஜட்ஜ் திரும்ப எழுப்பித் தருவார்? விடுமுறைக்கு முன்னால் தடை உத்தரவு வாங்கியாக வேண்டும். மேடம் ஒப்புக்கொண்டார். ஆனால் அத்தையின் காகிதங்கள் சேர்ந்து, மனு தயாரானது கடைசி வேலை நாளில்தான்.

அன்றைக்கு மேடம் வேறொரு வழக்குக்காகக் காலையிலேயே அலிப்பூர் கோர்ட்டுக்குப் போய்விட்டார். கையெழுத்து வாங்கி, மதியத்துக்குள் கொண்டுவந்து சேர்க்க வேண்டியது ஜூனியர் வக்கீலின் பொறுப்பு. எங்கள் ஆபீஸில் புது மனுவைப் புதிதாக எழுதுகிற வழக்கம் இல்லை. அதே மாதிரியான பழைய மனு ஒன்றை எடுத்து, பேரையும் முகவரியையும் மாற்றுவோம். பெண் ஒருத்தி கணவன் பேரிலிருந்த குடித்தனத்துக்கு வழக்குப் போட்டால், பெரும்பாலும் அவள் விதவையாகத்தான் இருப்பாள். ஜூனியர் எடுத்த பழைய மனுவும் அப்படித்தான். அத்தையும் அப்பாவும் வந்து உட்கார்ந்தார்கள். பென்சில் குறிகள் போட்டாயிற்று. அத்தைக்குக் கடைத்தெரு பெங்காலி சரளமாக வரும். இங்கிலீஷ் தெரியாது, கையெழுத்து தமிழில். அதனால் மனுவோடு சேர்கிற உறுதிமொழிப் பத்திரமான அஃபிடவிட்டின் அடியில் ஒரு வரி: இதைத் தமிழில் படித்துக் காட்டி விளங்க வைத்தேன் என்று, என் பேரோடு. "தாடாதாடி, திதி" என்றார் ஜூனியர். சீக்கிரம், அக்கா என்கிறார். "எல்லாத்தையும் படிச்சிட்டு இருக்காதீங்க. வீட்டைக் காப்பாத்தத்தான் மனுன்னு ரெண்டு வார்த்தை சொல்லி வாங்குங்க."

முதல் பத்தியிலேயே நின்றுவிட்டேன். மனுதாரர், காலஞ்சென்ற இன்னாரின் விதவை. அந்த ஒரு வார்த்தையைத் தமிழில் 'மனைவி' என்று சொல்லிவிட்டு மேலே போகலாம்; அத்தைக்கு எந்தக் காலத்திலும் தெரியப்போவதில்லை. வீடு மிஞ்சும். அப்பா நிம்மதியாகத் தூங்குவார். மேடம் என்னைக் கெட்டிக்காரி என்பார். படித்தேனோ, அத்தை பேனாவை வீசிவிடுவாள். சாயங்காலம் கோர்ட்டுக் கதவு மூடும். நாளைக்குக் கடப்பாரை நடு மாடிக்கு இறங்கும். அவளுக்கு நல்லது செய்யத்தானே போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் படித்துக் காட்டினேன் என்ற வரியில் இருந்தது என் பேர். கடிகாரத்தைப் பார்த்தேன். ஜூனியர் என்னைப் பார்த்தார்.

"ஏன்டி நிறுத்திட்ட?" என்றாள் அத்தை. பேனா மூடியைக் கழற்றிக் குறிக்கு நேராக வைத்துக்கொண்டிருந்தாள்.

படித்துவிட்டேன். உள்ளபடி, அந்த வார்த்தையோடு.

அத்தை கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. கை அப்படியே நின்றது. "யாரு சொன்னா, அவரு செத்துட்டாருன்னு?" என்று மட்டும் கேட்டாள். அப்பா குனிந்துகொண்டு, "அது சும்மா கோர்ட்டுக்காக எழுதறதும்மா. வீட்டைப் பாரு முதல்ல. போட்டுடு" என்றார். அத்தை அவர் பக்கம் திரும்பினாள். "அண்ணே, ரயில் ஏத்திவிட்டது நீ. நீ பார்த்தியா அவரு செத்ததை?" அப்பா கண் கலங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான். "வீடு போனாப் போகட்டும், நான் எங்கியாவது கிடக்கறேன். இதுல போட்டுட்டு, தசமிக்கு எந்த மூஞ்சியோட போய் அந்த பௌதிக்குக் குங்குமம் வைக்கிறது?" பேனாவை மூடி மேஜைமேல் வைத்தாள்.

ஜூனியர் என்மேல் எரிந்து விழுந்தார். யார் உங்களைப் படிக்கச் சொன்னது, இப்போது மேடத்துக்கு யார் பதில் சொல்வது என்று. எனக்கு வந்ததே கோபம்! "அடியில் யார் பேர் போட்டிருக்கிறீர்கள்? படித்துச் சொன்னேன் என்று நான் கையெழுத்துப் போட வேண்டுமானால் படித்தால்தான் போடுவேன். இல்லையென்றால் என் பேரை எடுத்துவிட்டு உங்கள் பேரைப் போட்டுக்கொள்ளுங்கள், தமிழும் கற்றுக்கொள்ளுங்கள்" என்று பெங்காலியில் பொரிந்து தள்ளினேன். வாசலில் டீக்காரர்கூட எட்டிப் பார்த்தார். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

மேடத்துக்கு ஃபோன் போட்டேன். கோர்ட்டுக்குள் இருந்ததால் எடுக்கவில்லை. மறுபடி, மறுபடி. ஒரு வழியாக எடுத்தார். முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு ஜூனியரையும் என்னையும் சேர்த்தே ஒரு பாட்டம் திட்டினார்: அவர் கண்ணை மூடிக்கொண்டு பழைய மனுவைப் பிடித்ததற்கு, நான் இதைக் காலையிலேயே படிக்காததற்கு. "ஏழு வருஷம் செய்தி இல்லாவிட்டால்தான் சட்டமே அப்படி நினைக்கும். மூன்று வருஷத்தில் நீங்கள் யார் ஆளைச் சாகடிக்க?" என்றவர், அதே மூச்சில் சொல்லச் சொல்ல என்னை எழுதிக்கொள்ளச் சொன்னார். கணவர் இருக்குமிடம் தெரியவில்லை. மனைவி அவர் குடித்தனத்தில் தொடர்ந்து வசிக்கிறாள். அவள் அங்கே இருக்க உரிமை உண்டு. டைப் அடித்தேன். விரல் தப்புத் தப்பாக விழுந்தது. அச்சடித்து, ஒரு வரி விடாமல் அத்தைக்குப் படித்தேன். "இருக்குமிடம் தெரியலைன்னுதானே போட்டிருக்கு?" என்று திருப்பிக் கேட்டாள். ஆமாம் என்றேன். மாமா பேரின் முதலெழுத்தை முன்னால் போட்டு, தன் பேரைத் தமிழில் முத்து முத்தாக எழுதினாள்.

டாக்ஸி பந்தல் நெரிசலில் மாட்டிக்கொண்டது. கடைசியில் நானும் ஜூனியரும் இறங்கி ஓடினோம், அப்பா அத்தையைக் கூட்டிக்கொண்டு பின்னால் வந்தார். ஜட்ஜ் எழுந்திருக்கப் போகிற நேரம். மேடம் அவசரம் என்று மன்றாடிக் கேட்டு, மனுவை அன்றைக்கே எடுக்க வைத்தார். நாங்கள் வராந்தாவில் நின்றோம். அத்தை என் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், சின்னக் குழந்தை மாதிரி. உள்ளே என்ன பேசுகிறார்கள் என்று காதில் விழவில்லை. மேடம் வெளியே வந்தபோது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை; அவர் முகத்தில் என்றைக்குமே ஒன்றும் தெரியாது. "இருப்பது இருந்தபடியே இருக்க வேண்டும், யாரும் கை வைக்கக் கூடாது என்று உத்தரவாகிவிட்டது" என்றார். அப்பா அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

தசமி அன்று எங்கள் வீடு இருக்கிற பெஹாலாவிலிருந்து லேக் கார்டன்ஸுக்குப் போனேன். பந்தலில் அத்தையை அடையாளமே தெரியவில்லை. நெற்றி, கன்னம், மூக்கு எல்லாம் செக்கச்செவேல் என்று குங்குமம். பௌதியின் கன்னத்தில் அப்பிவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். அன்று ராத்திரி விண்ணப்பத்தை எடுத்து நிரப்பினேன். எல்எல்பி வேண்டாம் என்று தீர்மானமாகிவிட்டது. ஜட்ஜ் முன்னால் நின்று வாதாடுகிற ஆசை எனக்கு இல்லை. கையெழுத்துப் போடுகிறவருக்கும் அந்தத் தாளுக்கும் நடுவில் ஒருத்தி உட்கார்ந்து, உள்ளதை உள்ளபடி படித்துச் சொல்ல வேண்டும். அந்த இடம்தான் எனக்கு வேண்டியிருந்தது. அப்பா அதற்குப் பிறகு பேங்க் பரீட்சைப் பேச்சை எடுக்கவில்லை.

வருஷங்கள் ஓடிவிட்டன, அத்தை இன்னும் அந்த நடு மாடியில்தான். இப்போது மேடத்தின் ஆபீஸில் எனக்கென்று தனி அறை, கதவில் பேர். பென்சில் குறியை முன்கூட்டிப் போடுவதில்லை என்று ஒரு பிடிவாதம் வைத்திருக்கிறேன். படித்து முடித்த பிறகுதான் பென்சிலை எடுப்பேன். புதிதாக வந்தவர்கள் முதுகுக்குப் பின்னால் முணுமுணுக்கிறார்கள், முணுமுணுத்துவிட்டுப் போகட்டும்.

போன வருஷம் பூஜை விடுமுறை கழிந்து கோர்ட்டு திறந்த வாரம் அத்தை தனியாக வந்தாள். நெற்றியில் சின்னதாக ஒரு கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு. குங்குமம் இல்லை.

"இந்தத் தசமிக்கு நான் போகலடி" என்றாள். "பௌதி வந்து கூப்பிட்டா. தலைவலின்னுட்டேன். காலைல அவரு சட்டைய மடிச்சிட்டு இருந்தேன். போதும்னு தோணிச்சு." நாற்காலியை மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "அன்னிக்கு அவங்களா எழுதினாங்க. இன்னிக்கு நான் சொல்றேன். எழுது."

ஏழு வருஷம் தாண்டி எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. மாமா இறந்ததாக அறிவிக்கக் கோருகிற மனுவுக்குச் சட்டத்தில் தடை ஒன்றும் இல்லை. பழைய மனு எதையும் எடுக்காமல் வெற்றுத் திரையில் முதலிலிருந்து எழுதினேன். அச்சடித்துக்கொண்டு வந்து படித்தேன். அந்த வார்த்தை வந்ததும் அன்றைக்குப்போலவே என் குரல் நின்றுவிட்டது. "படி" என்றாள் அத்தை. படித்தேன். அழுதுகொண்டேதான் படித்தேன், வெட்கமாகக்கூட இல்லை. முடித்துவிட்டுப் பென்சிலை எடுத்தேன். ஊர் பேர் தெரியாத எத்தனையோ பேருக்குப் போட்ட குறிதான். கை வரவில்லை.

"எங்க போடணும்?" என்றாள்.

இடத்தைக் காட்டினேன். என் விரலிலிருந்து பென்சிலை வாங்கி, அந்தப் பெருக்கல் குறியை அவளே கொஞ்சம் கோணலாகப் போட்டாள். பிறகு பேனாவைக் கேட்டு வாங்கினாள். கை நிற்கவில்லை. வழக்கம்போல மாமா பேரின் முதலெழுத்தை முன்னால் எழுதி, புள்ளி வைத்து, அப்புறம் தன் பேரை எழுதினாள்.