ஜாடிப் பல்லி கடித்த காலை

தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்கான பாலகாட் லைன் வீட்டில் அண்ணனோடு நான் ஆறு மாதம் இருந்தேன். ஊர் ஊராய்த் திரிந்து, கையில் ஒன்றுமில்லாமல் போய்ச் சேர்ந்திருந்தேன். ஒரே அறை. அண்ணன், அண்ணி, நான், கண்ணாடி ஜாடியில் ஒரு பல்லி.

நான் அங்கே போய்ச் சேர்வதற்கு முன் ஒரு நாள், அண்ணன் ஷிப்டுக்குக் கிளம்பும்போது சுவரில் அந்தப் பல்லி சொல்லியிருக்கிறது. அண்ணி போகவிடவில்லை. அன்று சுரங்கத்துக்குள் அண்ணன் வேலைசெய்யும் லெவலில் பாறை வெடித்து இரண்டு பேர் செத்தார்கள். பல்லி வேறு வீட்டுக்குப் போய்விடக் கூடாதென்று அண்ணி அதைப் பிடித்து ஜாடியில் போட்டு, மூடியில் ஓட்டை குத்தி வைத்துவிட்டார். உள்ளே போனபின் அது ஒருநாளும் சொல்லவில்லை. சொல்லாததையே நல்ல வாக்காக எடுத்துக்கொண்டு அண்ணனைத் தினமும் அனுப்பிவந்தார்.

அதற்குக் கரப்பான் பிடித்துப் போடுவது என் வேலை. விரலிலிருந்தே வாங்கித் தின்னும். ஒரு நாள் காலை, அண்ணன் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தபோது ஜாடிக்குள் கையை விட்டேன். வெடுக்கென்று விரலைக் கவ்விக்கொண்டு தொங்கியது. ரத்தம் வரவில்லை. ஆனால் அண்ணி பார்த்துவிட்டார்.

"இன்னிக்குப் போவாதீங்க."

"மேஸ்திரிகிட்ட இன்னான்னு சொல்றது? பல்லி கடிச்சிச்சுன்னா? அதுவும் என்னைக் கடிக்கல, தம்பியைக் கடிச்சிச்சுன்னா?"

"அன்னிக்கும் இப்படித்தான் சிரிச்சீங்க."

அண்ணன் காய்ச்சலில் ஏற்கெனவே பல நாள் வேலைக்குப் போகாமல் நின்றிருந்தார். இன்னொரு நாள் நின்றால் வேலை போகும். வேலை போனால் கம்பெனி கொடுத்த வீடும் போகும்.

பல்லியை உள்ளே உதறிவிட்டு, ஜாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். உடம்பெல்லாம் சாம்பல் பூசினதுபோல் வெளுத்திருந்தது. தலைத் தோல் வெடித்துக் கண்மேல் கிடந்தது. சுவரில் இருந்தால் எதிலாவது உரசி உரித்திருக்கும். கண்ணாடியில் உரச என்ன இருக்கிறது? மேலிருந்து வந்தது என் கை என்று அதற்குத் தெரிந்திருக்காது.

"தோலு உரிக்குது அண்ணி. கண்ணு தெரியாம கடிச்சிச்சு."

"நெஜமா தம்பி?"

"நெஜம்தான்."

அண்ணன் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

செங்கல் துண்டு ஒன்றையும் ஈரத்துணியையும் உள்ளே போட்டேன். மத்தியானத்துக்குள் தோலை உரித்து, அதைத் தானே தின்றுவிட்டு, மறுபடி என் விரலில் கரப்பான் வாங்கியது.

"வுட்டுடலாம் அண்ணி."

"அவரு மேல வரட்டும் தம்பி."

சாயங்காலம் அண்ணன் வந்தார். "நாளைக்கும் வரட்டும்" என்றார் அண்ணி.

அண்ணி தண்ணீருக்குப் போகும் நேரத்தில் ஒரு நாள் நானே திறந்து விட்டிருக்கலாம். கடித்ததில் ஒன்றுமில்லை என்று சொன்னவன் நான்தானே. ஆனால் அண்ணன் சுரங்கத்தில் கீழே இருக்கும்போது அந்த மூடிக்கு என் கை போகவில்லை. ராபர்ட்சன்பேட்டையில் பஸ் ஏறிய அன்றும், இரண்டு கரப்பான் பிடித்துப் போட்டு, மூடியை இறுக்கிவிட்டுத்தான் கிளம்பினேன்.