ஈரத்துணி பரோட்டா

ஓசூர் தொழிற்சாலை ஒன்றில் நான் பணியாளர் அதிகாரியாக இருந்த கடைசி வருடம். லேத் பிரிவில் பெரிய மீசைக்காரர் ஒருவர் சாப்பாட்டு இடைவேளைதோறும் ஈரத்துணியை மேசையில் அடித்து வீசுவார். சுற்றி நின்றவர்கள் கைதட்டுவார்கள்.

“என்னங்க இது?”

“ஆள்குறைப்பு வருதாமே சார். பரோட்டா வீசப் பழகறேன். துணின்னா மாவு வீணாவாது.”

“அதெல்லாம் வதந்தி” என்று சிரித்தேன். அவர் பெயர் இருந்த பட்டியல் என் இழுப்பறையில் இருந்தது.

ஓய்வுபெற்ற பிறகு, ராயக்கோட்டையில் அவர் போட்டிருந்த பரோட்டாக் கடைக்கே போய் மன்னிப்புக் கேட்டேன். கடை அதிரச் சிரித்தார்.

“என்னைக்கும் சிரிக்காத மனுசன் சிரிச்சிக்கினே வதந்தின்னீங்க. அன்னைக்கு சாயந்திரமே பரோட்டாக் கல்லு வாங்கிட்டேன் சார்! இன்னொன்னு வைக்கட்டா?”

மூன்று சாப்பிட்டேன். அவருக்கு ஏன் கோபமே வரவில்லை என்பதுதான் இன்றும் புரியவில்லை.