மரம் ஏறாத மரக் கங்காரு

என் வீட்டுக்காரருக்கு உயிரியல் பூங்காவில் வேலை. வயிற்றில் பை வைத்துக் குட்டி வளர்க்கும் விலங்குகள் எல்லாம் அவர் பொறுப்பு. கங்காரு என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், பிடித்துக்கொள்வார். வளை தோண்டி வாழும் வாம்பேட்டுக்குப் பையின் வாய் பின்பக்கம் இருக்குமாம், தோண்டும்போது மண் உள்ளே போகாமலிருக்க. ஒப்போசம் என்று எலி மாதிரி ஒன்று, நீந்தத் தண்ணீருக்குள் போகும்போது பையை இறுக்கி மூடிக்கொள்ளுமாம். புல்வெளியில் துள்ளுவது மட்டுமா கங்காரு, மரத்திலேயே குடித்தனம் நடத்துவதும் உண்டே என்பார். சொந்தக்காரர்கள் அவரைக் கண்டாலே நழுவிவிடுவார்கள். நான் எங்கே நழுவுவது? கட்டிக்கொண்டாயிற்று.

அப்படியொரு மரக் கங்காரு, பையில் குட்டி இருக்கும்போதே செத்துப்போனது. இவர் என் நல்ல போர்வையைக் கிழித்துப் பை தைத்து, குட்டியை அதில் போட்டு வயிற்றில் கட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். புட்டிப்பால், தூக்கம் எல்லாம் அதற்குள்தான். நாங்கள் பெற்ற பிள்ளைகளுக்கு இந்த மனிதர் ஒரு வேளைச் சோறு ஊட்டியதில்லை.

குட்டி கொழுகொழுவென்று வளர்ந்தது. ஆனால் மரம் ஏறவில்லை. இவர் தரையில் நடக்க, அதுவும் பின்னாலேயே தத்தித்தத்திப் போனது. ஏறக் கற்றுக்கொள்ளாவிட்டால் மற்ற மரக் கங்காருகளோடு விட முடியாது, ஆயுசுக்கும் தனிக்கூண்டுதான் என்று பூங்கா டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து இவருக்குச் சோறு இறங்கவில்லை.

பூங்காவுக்குத் தூக்கிப்போய்க் கிளையில் தழை கட்டிப் பார்த்தார். குட்டியையே தூக்கிக் கிளையில் வைத்தார். அது குதித்து இவர் காலடிக்கே வந்தது. என்னைப் பார்த்துத்தானே எல்லாம் கற்றுக்கொள்கிறது என்று ஒருநாள் தானே மரத்தில் ஏறிவிட்டார். முழங்கால் வலிக்காரர், தொப்பை வேறு. ஏறியவருக்கு இறங்கத் தெரியவில்லை. காவலாளி போன் செய்ததும் போட்டது போட்டபடி ஓடினேன்.

பாதி உயரத்தில் மரத்தைக் கட்டிப்பிடித்தபடி இருந்தார். ஏணி எடுக்க ஆள் போயிருந்தது. எனக்கு வந்த கோபத்தில் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அதற்குள் கீழே இருந்த குட்டி அடிமரத்தில் நகத்தைப் பதித்தது. மெல்ல ஏறி, அவர் தோளை மிதித்து, தலையைத் தாண்டி உச்சிக்கிளைக்குப் போய்த் தழை கடிக்க ஆரம்பித்தது.

ஏணி வந்தும் இவர் இறங்கவில்லை. வழக்கமாகக் கூப்பிடுகிற மாதிரி நாக்கைச் சொடுக்கினார். மறுபடியும் சொடுக்கினார்.

"திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்குது," என்றார். வாயெல்லாம் பல், கண்ணெல்லாம் தண்ணீர்.

"பாக்காதுங்க. அவ்வளவு நல்லா வளத்துட்டீங்க," என்று ஏணியைப் பிடித்துக்கொண்டேன். "மெதுவா இறங்கி வாங்க."