தடுத்தவருக்கும் ஒரு தொடை

மாவட்டக் கல்வி அலுவலகக் கோப்பின்படி அல்பீனா டோப்போ ‘ஹாக்கிப் பயிற்சி முகாமில் பங்கேற்ற வீராங்கனை’. முகாமுக்குப் போனது உண்மைதான். பருப்பு வேகவைக்கப் போனார். சமையலுக்கு வந்தவர்களுக்கென்று வேறு மாதிரி சான்றிதழ் அடிக்க யாருக்கும் பொறுமையில்லை. அந்தத் தாளின் புண்ணியத்தில் குசும்தொலி ஆரம்பப் பள்ளியின் கணக்கு டீச்சரான அவர் தலையில் ஹாக்கி அணியும் வந்து விழுந்தது.

ஹாக்கிக்குப் பேர்போன சிம்டேகா பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பந்தை அடிக்க யாரும் சொல்லித்தர வேண்டாம். தடுக்கச் சொன்னால்தான் முகம் சுளிப்பார்கள். அறுவடை முடிந்து நடக்கும் போட்டியில் ஜெயித்தால் பரிசு ஒரு கிடா. குசும்தொலி வழக்கப்படி, கோல் போட்டவர் வீட்டுக்குப் பின்தொடை போகும். பின்னால் நின்று காத்தவர்களுக்குக் குழம்பு. ஆகவே விசில் ஒலித்ததும் மொத்த அணியும் எதிரி கோலை நோக்கி ஓடும். எதிரணி காலியான மைதானத்தில் நிதானமாக வந்து கோல் போட்டுவிட்டுப் போகும். கிடாவைக் கண்ணால் பார்த்தே பல வருஷம் ஆயிற்று.

“இந்த வருஷமும் கிடா வரலைன்னா அணியை என்கிட்ட குடுத்துடணும், டீச்சரம்மா,” என்றார் நெஸ்டர் பிலுங். ஒரு காலத்தில் ஊரின் முன்கள வீரர். இப்போது ஊரின் குரல்.

அல்பீனா அந்தப் பொறுப்பைக் கேட்டு வாங்கவில்லை. ஆனால் இன்னொருவர் கேட்டதும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

மறுநாளே பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, முகாமில் பருப்பு கிண்டும்போது காதில் விழுந்ததை எடுத்துவிட்டார். “முட்டியை மடக்கு. மட்டையைத் தரையோட வை. வீசாதே. பந்தை மட்டும் பாரு. பந்தோட வர்றவனை அப்படியே ஓரமா ஒதுக்கிட்டுப் போ.”

“தடுத்தா என்ன கிடைக்கும், டீச்சர்?” என்றாள் ஐந்தாம் வகுப்பு சுசன்னா.

“நல்ல பேரு கிடைக்கும்.”

“அதைச் சோத்துல பிசைஞ்சு சாப்பிட முடியுமா?”

கணக்கு டீச்சருக்கு அது நியாயமான கேள்வியாகப் பட்டது. மாலையில் ஊர்க்கூட்டத்தில் எழுந்து, ஒரு பின்தொடை தடுத்தவருக்கு என்றார்.

“தொடை கோல் போட்டவனுக்குத்தான்!” என்று கத்தினார் நெஸ்டர்.

“கிடாவுக்குப் பின்னால ரெண்டு தொடை இருக்கே, அண்ணே.”

கூட்டம் சிரித்தது, சிரித்த வாயால் மறுக்க முடியாமல் ஒப்புக்கொண்டது.

அந்த வருஷப் போட்டி ஆற்றுக்கு அக்கரை ஊரோடு. விசில் ஒலித்தது. பதினொரு பேரும் தங்கள் கோலுக்கு முன்னால் முட்டியை மடக்கி, மட்டையைத் தரையோடு வைத்து, உட்கார்ந்த தவளைகள்போல நின்றார்கள். ஒருவரும் முன்னால் போகவில்லை.

“யாராவது போங்கடா!” நெஸ்டர் தொண்டை கிழியக் கத்தினார்.

“நீங்களே போங்க, மாமா. எனக்குத் தொடை வேணும்,” என்றாள் சுசன்னா, பந்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

அக்கரைப் பிள்ளைகள் முட்டி மோதி ஓய்ந்தார்கள். கோல் விழாமலே ஆட்டம் முடிந்தது. நடுவர்கள் கூடிப் பேசிக் கிடாவை நெடுக்குவாட்டில் இரண்டாகப் பிளந்து ஊருக்குப் பாதி கொடுத்தார்கள். குசும்தொலிக்குக் கிடைத்த ஒரே பின்தொடையைப் பதினொரு துண்டாக வெட்டினார்கள்.

நெஸ்டர் தன் துண்டு எங்கே என்று தேடி, இல்லை என்று தெரிந்ததும் சொன்னார்: “வந்தது அரைக் கிடா. அதனால எனக்கு அரை அணி. அடிக்க நான் சொல்லித்தர்றேன். தடுக்கறது உங்க பாடு.”

“சரிண்ணே,” என்றார் அல்பீனா.

அவர் ஒருநாளும் ஹாக்கி ஆடியதில்லை. குசும்தொலிப் பிள்ளைகளுக்குத் தடுக்கக் கற்றுக்கொடுத்தார்.